நடைக்கூடத்தில் இருபத்து நான்கு டிகிரி

ஊரில் அவருக்கு மேகம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கடை உரிமத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது, யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஊருக்கென்று ஒரு வானிலை வலைத்தளம் நடத்திவந்தார். ஏன் நடத்துகிறார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் சம்பந்தியோடு சண்டை போடுகிறார்கள். இவர் வானத்தைப் பார்த்தார்.

"வானத்தை அண்ணாந்து பாக்கறீங்களே, அப்படியே நம்ம வீட்டுக் கூரையையும் ஒரு தடவை பாத்தா என்னவாம்? ஒழுகுது" என்று மனைவி சொல்வார். மேகம் உடனே எந்தத் திசைக் காற்றுக்கு ஒழுகுகிறது என்று விசாரிப்பார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஊருக்கு வெளியே ஒரு பள்ளம். அதில் பழத்தோட்டங்கள். அங்கே மேகத்தின் அக்காவுக்கும் ஒரு தோட்டம் இருந்தது. அக்காவின் வேலியோரம் ஒரு கம்பம் நட்டு அதில் மேகம் ஒரு வெப்பமானியைக் கட்டியிருந்தார். அது காட்டுவது வலைத்தளத்தில் வரும். துணி உலர்த்துகிறவர்கள் பார்த்தார்கள், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர்கள் பார்த்தார்கள், மலைச்சாலையில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பார்த்தார்கள். தோட்டக்காரர்கள் மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

காரணம் இருக்கிறது. குளிர்காலத்தை நம்பலாம், கோடையையும் நம்பலாம். இந்த வசந்தத்தின் ஆரம்பம் இருக்கிறதே, சரியான பித்தலாட்டக்காரப் பருவம். மத்தியானம் ஸ்வெட்டரைக் கழற்றவைக்கும், விடிவதற்குள் குழாய்த் தண்ணீரைக் கட்டியாக்கிவிடும். பிளம் மரத்துக்கு இந்தச் சூது தெரியாது. நாலு நாள் வெயிலைக் கண்டதும் உடம்பெல்லாம் பூத்து நிற்கும். அந்த நேரம் பார்த்து ஓர் இரவு உறைபனி விழுந்தால் பூ கருகிவிடும். அந்த வருஷம் காய் கிடையாது. மேகத்தின் தளத்தில் 'இன்று இரவு உறைபனி' என்று வந்தால் தோட்டக்காரர்கள் பொழுது சாயும்போதே வரிசைக்கு வரிசை ஈர வைக்கோலைப் போட்டுப் புகைய விடுவார்கள். புகை போர்வையாக நிற்கும், பூ பிழைத்துவிடும். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது.

இதைத்தான் பருவநிலை ஒழுங்கு வாரியத்தால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வாரியத்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் பாவம், உட்கார்ந்த இடத்திலேயே உழைக்கிறவர்கள்.

ஒருநாள் வாரியத்தின் ஆய்வாளர் கடைக்கு வந்தார். முதலில் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துத் திருகாணியை இறுக்கித் தரச் சொன்னார். மேகம் இறுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு, தெளிவாகப் பார்த்து, ஆய்வாளர் கேட்டார்:

"அந்த வெதர் சைட் உங்களதா?"

"ஆமா சார்."

"நேத்து ராத்திரி ரெண்டு டிகிரின்னு போட்டிருக்கீங்க. யார் அனுமதி குடுத்தது?"

"ரெண்டு டிகிரி இருந்துச்சு சார்."

"இருக்கறது வேற சார். எத்தனை டிகிரி வேணா இருந்துட்டுப் போகட்டும், நாங்க கேக்க மாட்டோம். வெளியில சொல்றதுக்குத்தான் அனுமதி."

மேகத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாதுவான மனுஷர். சரி, அனுமதி வாங்கியே போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். அன்றே 'நாளை காலை மலைச்சாலையில் மூடுபனி' என்று எழுதி வாரியத்துக்கு அனுப்பினார். மறுநாள் காலை மூடுபனி வந்தது, போனது. அதற்கடுத்த வாரம் அனுமதி வந்தது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், கிடைத்த அன்றே வெளியிட வேண்டும் என்பது நிபந்தனை. வெளியிட்டார். மறுநாள் கண்ணைப் பறிக்கிற வெயில். ஒரு டாக்ஸி ஓட்டுநர் கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கத்தினார்:

"யோவ் மேகம்! பனின்னு பாத்துட்டு ரெண்டு சவாரி கேன்சல் பண்ணிட்டாங்க. எங்கய்யா பனி? உன் கண்ணாடியை முதல்ல நீ மாத்து!"

மேகத்துக்கு முகம் செத்துவிட்டது. மறுநாளே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வாரியத்துக்கே கிளம்பினார்.

வாரியம் ஒரு நல்ல பெரிய கட்டடம். ஜன்னல்கள் எல்லாம் நிரந்தரமாகச் சாத்தியிருந்தன. நடைக்கூடத்தில், ஊழியர்களுக்கு டீ போடுகிற பாய்லருக்கு நேர் மேலே, பித்தளைச் சட்டத்தில் ஒரு வெப்பமானி தொங்கியது. இருபத்து நான்கு காட்டியது. அதுதான் ஊரின் அதிகாரபூர்வமான வெப்பமானி என்று இயக்குநரே அழைத்துப்போய்க் காட்டினார். இயக்குநர் மிகவும் மென்மையானவர். மேகத்தின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் பேசினார்.

"முன்னாடி இது வெளிய புல்தரையில இருந்துச்சு. பாக்கப் போற ஊழியருக்குச் சளி பிடிச்சுது. ஊழியரை வெளிய அனுப்பறதா, கருவியை உள்ள கொண்டுவர்றதான்னு ஒரு கமிட்டி போட்டோம். மனிதாபிமானத்தோட முடிவெடுத்தோம்."

"ஆனா சார், கீழே பாய்லர் இருக்கே?"

"இருக்கட்டுமே. நான் பதவிக்கு வந்ததுலேர்ந்து இந்த ஊர் இருபத்தி நாலை விட்டு அசையல. எந்த ஊர்ல இப்படி ஒரு ஸ்திரத்தன்மை இருக்கு, நீங்களே சொல்லுங்க. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல மைனஸ் வரைக்கும் போயிருக்கு. வெறும் நிர்வாகக் கோளாறு."

மேகம் பாய்லரைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார். அவருக்கு டீ கொடுத்தார்கள். நல்ல சூடு.

அந்த வாரமே வாரியம் வசந்தத்தைத் திறந்துவைத்தது. வாசலில் ரிப்பன், உள்ளே நாற்காலிகள். மேகத்தை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் ரிப்பனை வெட்டிவிட்டுப் பேசினார்:

"வசந்தம் தானா வந்துடும்னு மக்கள்கிட்ட ஒரு மூடநம்பிக்கை இருக்கு. தானா வர்றதுன்னா அப்புறம் நாங்க எதுக்கு? எத்தனை கோப்பு, எத்தனை கூட்டம்! சில பூ எல்லாம் திறப்புவிழாவுக்கு முன்னாடியே பூத்துட்டதா தகவல் வருது. இந்தத் தடவை மன்னிக்கிறோம். இன்னியோட குளிர்காலப் பிரிவு கலைக்கப்படுது. அவங்க எல்லாரும் நிம்மதியா லீவுல போகலாம்."

குளிர்காலப் பிரிவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். கட்டடத்து ஹீட்டர்களை அன்று மாலையே கழற்றிக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள். பாய்லர் மட்டும் அத்தியாவசியப் பணி என்பதால் விதிவிலக்கு. இன்னொரு அறிவிப்பும் இருந்தது. இனி மேகத்தின் தளம் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற தளம். கம்பத்து வெப்பமானியின் கணக்கு அதில் வரக்கூடாது, வாரியத்தின் வெப்பநிலைதான் வரும். அன்று முதல் தளத்தைத் திறந்தால் மேலே வாரியத்தின் முத்திரை, கீழே இருபத்து நான்கு. காலையில் திறந்தாலும் அதுதான், மாலையில் திறந்தாலும் அதுதான். ஊர் ஜனங்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம், மேகம் போட்டால் ஏதோ காரணம் இருக்கும் என்று பழகிவிட்டார்கள். அவர்மேல் அவர்களுக்கு அத்தனை நம்பிக்கை. இதை எழுதும்போது எனக்கே வயிறு எரிகிறது.

பள்ளத்தில் பிளம் மரங்கள் முழுசாகப் பூத்திருந்த ஒரு மத்தியானம், மேகம் பின்னறைத் திரையைப் பார்த்தார். கம்பத்து வெப்பமானி அவருக்கு மட்டும் இன்னும் தெரியும். வெயில் நன்றாகத்தான் அடித்தது. ஆனால் காற்று செத்துக் கிடந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெப்பநிலை படியிறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகப் பார்க்கிறவர். உறைபனிக்கு இதுதான் அடையாளம். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வாரியத்துக்கு ஓடினார்.

அவசரம் என்று கெஞ்சியதால் கமிட்டியைக் கூட்டினார்கள். ஹீட்டர் இல்லாத அறை. உறுப்பினர்கள் கோட்டு போட்டு, கழுத்துக்குத் துண்டு சுற்றி, கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் பேசும்போது ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து புகை வந்தது.

"உறைபனி வருதுன்னு சொல்றீங்க. வசந்தத்தைத் திறந்தாச்சே?"

"திறந்தாச்சு சார். ஆனா இன்னிக்கு ராத்திரி மைனஸ் மூணுக்குப் போயிடும். பூவெல்லாம் போயிடும் சார். ஒரே ஒரு வரி போட அனுமதி குடுங்க."

ஓர் உறுப்பினர் அம்மாள் கையுறைக்குள் ஊதிக்கொண்டே சொன்னார்: "உறைபனி குளிர்காலப் பிரிவோட சப்ஜெக்ட். அவங்க லீவுல இருக்காங்க. நாம அனுமதி குடுத்துட்டா, திரும்பி வந்து எங்க பனியை நீங்க எப்படி எடுத்தீங்கன்னு கேப்பாங்க. யார் பதில் சொல்றது?"

"சார், உங்களுக்கே குளிருதே சார்" என்றார் மேகம். அழுதுவிடுவார் போலிருந்தது.

இயக்குநர் பொறுமையாகப் புன்னகைத்தார். பற்கள் தந்தியடித்தன.

"எனக்குக் குளிருது. நான் மறுக்கல. அது என் தனிப்பட்ட விஷயம். வாரியத்துக்குக் குளிரல."

உறைபனியை அடுத்த குளிர்காலத்துக்கு ஒத்திவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கை தூக்கச் சொன்னபோது சிலர் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கத் தயங்கினார்கள். அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆய்வாளர் மேகத்தை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"மீறி எதையாவது போட்டுடாதீங்க சார். கடை உரிமத்தை ரத்து பண்ணிடுவாங்க. உங்க மேல உள்ள மரியாதையில சொல்றேன்." பிறகு முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டு மாடில ரோஜாத் தொட்டி வச்சிருக்கேன். உள்ள எடுத்து வச்சிடட்டுமா?"

"எடுத்து வைங்க" என்றார் மேகம்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கடை போச்சுன்னா நாம எங்க போய் நிக்கறது?" என்றார். மேகம் கடைக்குத் திரும்பிப் போனார். தளத்தைத் திறந்தார். ஒரு விரலை அசைத்தால் போதும், பள்ளம் முழுக்கத் தெரிந்துவிடும். சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் பார்த்தார். தளத்தை மூடிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இன்னிக்கு வைக்கோல் போடு."

"என்னடா சொல்றே? சைட்ல ஒண்ணும் காணோமே."

"சைட்டைப் பாக்காதே. நான் சொல்றதைக் கேளு. யார்கிட்டயும் சொல்லிடாதே. சொன்னா கடையை மூடிடுவாங்க."

"பக்கத்துத் தோட்டத்துக்காரிகிட்டயுமா?"

பக்கத்துத் தோட்டத்து அம்மாளும் அக்காவும் ஒரே ஏணியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள். ஒருத்தி பழம் பறிக்கும்போது மற்றவள் கூடை பிடிப்பாள்.

"யார்கிட்டயும் வேண்டாம்க்கா" என்றார் மேகம்.

பொழுது சாய்ந்ததும் அக்கா வைக்கோலைப் பற்றவைத்தார். புகையைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் வேலியோரம் வந்தார். கையில் போன்.

"என்னடி, உன் தம்பி சைட்லயே இருபத்தி நாலுன்னு இருக்கு. நீ எதுக்குப் புகை போடறே?"

அக்காவுக்குத் தம்பியின் கடை கண்முன் வந்தது.

"குப்பை எரிக்கிறேன்" என்றார்.

"அதானே பாத்தேன்" என்று சிரித்துவிட்டு அந்த அம்மாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடிந்தபோது பள்ளம் முழுக்கப் பழுப்பு. கையால் தொட்டால் பூக்கள் டீத்தூள் மாதிரி உதிர்ந்தன. நடுவில் அக்காவின் தோட்டம் மட்டும் வெள்ளைவெளேரென்று நின்றது. மேகம் போனபோது அக்கா வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கரி.

"குப்பைன்னு சொன்னேன்டா. அவ மூஞ்சியைப் பாத்துக் குப்பைன்னு சொன்னேன்" என்றார். மேகத்துக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

தோட்டக்காரர்கள் நிவாரணம் கேட்டு வாரியத்துக்குப் போனார்கள். வாரியம் நடைக்கூடத்து வெப்பமானியின் பதிவைப் பார்த்தது. அன்று இரவு இருபத்து நான்கு. உறைபனி விழவில்லை, விழுந்திருந்தாலும் அது ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே பூக்கள் சொந்த விருப்பத்தின் பேரில் உதிர்ந்தன என்று பதில் வந்தது. ஜனங்கள் கொதித்தார்கள். கொதிப்பைத் தணிக்க வாரியத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. யாரோ அக்காவின் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், இயக்குநர் போட்டோகிராபரோடும் மைக்கோடும் வந்து இறங்கிவிட்டார்.

பூத்த மரத்தடியில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் மேகம். எதிரே கருகிய தோட்டங்களின் சொந்தக்காரர்கள். பக்கத்துத் தோட்டத்து அம்மாள் முன்னால் நின்றார்.

"இதோ பாருங்க, பூ!" என்று இயக்குநர் கிளையைத் தொட்டுக் காட்டினார். "உறைபனி விழுந்திருந்தா இது எப்படி இருக்கும்? இந்தத் தோட்டம் வசந்தத்தோட ஒத்துழைச்சுது. மத்த தோட்டங்கள் ஒத்துழைக்கல. அதுக்கு அரசாங்கம் என்ன பண்ண முடியும்? சரியான வெப்பநிலையை மக்களுக்குத் தொடர்ந்து குடுத்த இந்த வலைத்தளத்துக்கு எங்க பாராட்டுப் பத்திரம்!"

பத்திரத்தை மேகத்தின் கையில் திணித்தார்கள். கண்ணாடிச் சட்டம், நல்ல கனம். போட்டோ எடுத்தார்கள். மேகம் எதிரே பார்த்தார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உரிமம், மனைவி, கடைவாடகை எல்லாம் சேர்ந்து தடுத்தன. சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா தம்பியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடுங்கினார்.

"என் மரம் ஒண்ணும் யார்கூடயும் ஒத்துழைக்கல. நான் வைக்கோல் எரிச்சேன். பனி வருதுன்னு என் தம்பி சொன்னான். எனக்கு மட்டும் சொன்னான். நான் யாருக்கும் சொல்லல." பக்கத்துத் தோட்டத்து அம்மாளைப் பார்த்து, "குப்பைன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்டி" என்றார்.

இயக்குநர் அசரவில்லை. மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார்.

"அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. உறைபனின்னு வாரியம் யாருக்கும் அனுமதி குடுக்கல. அனுமதி இல்லாம ஒருத்தருக்கு ஒரு விஷயம் தெரிய வாய்ப்பே இல்ல. அதனால சாருக்குத் தெரியாது. தெரியாததை அவர் சொல்லியிருக்க முடியாது. வசந்த வாழ்த்துக்கள்."

ஆய்வாளர் கைதட்டினார். அவருடைய சட்டைப் பையில் ஒரு ரோஜா இருந்தது.

பக்கத்துத் தோட்டத்து அம்மாள் அக்கா பக்கம் திரும்பவில்லை. மேகத்தை மட்டும் மேலும் கீழும் பார்த்தார். அந்த அம்மாளின் மூக்கில் இருந்தது மேகம் செய்துகொடுத்த கண்ணாடி. திரும்பி நடந்து போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய ஏணி மறுநாள் வேலிக்கு அக்காவின் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு மேகத்தின் கடைக்குப் பள்ளத்திலிருந்து யாரும் வரவில்லை. வாரியம் தளத்தின் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டது. அங்கீகாரம் பெற்றவர் சிரமப்பட வேண்டாமாம். தளத்தில் இருபத்து நான்கு பத்திரமாக இருந்தது. மேகம் பாராட்டுப் பத்திரத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தார்.

பிளம் போய்விட்டது. ஆனால் ஆப்பிள் பிந்திப் பூக்கும். பள்ளத்தில் ஆப்பிள் மொட்டுகள் வாய் திறந்த சமயத்தில், மறுபடி அந்தப் பாழாய்ப்போன நாள் வந்தது. காற்று செத்தது, வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது, பின்னறைத் திரையில் எண் இறங்கத் தொடங்கியது.

மேகம் திரைமுன் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கண் பரிசோதனை அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினார். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்னதாகுமே, அந்த அட்டைதான். அதன் பின்பக்கத்தில் தூரிகையால் எழுதினார். முதல் வரி, 'இன்று இரவு உறைபனி'. அடுத்து, அதைவிடச் சிறிதாக, 'மைனஸ் இரண்டு'. அதற்கும் கீழே, 'வைக்கோல் போடவும்'. எல்லாவற்றுக்கும் அடியில், படிக்கிறவர் கண்ணைச் சுருக்கவேண்டிய அளவில் இன்னொரு வரி. அதைத் தெருவைப் பார்த்தபடி கடையின் முன்கண்ணாடியில் மாட்டினார்.

மனைவி வந்து பார்த்தார். உரிமத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு" என்று சொல்லி, நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

யார் சொன்னார்களோ, ஆய்வாளர் மூச்சிரைக்க வந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"கண் டெஸ்ட் பண்ற அட்டை சார். உக்காருங்க, படிங்க பாப்போம்."

ஆய்வாளர் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இன்று... இரவு... உறை..." அதோடு நிறுத்திக்கொண்டார். வியர்த்தது. படித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அனுமதி வேண்டும்.

"எனக்கு அதுக்கு மேல தெரியல" என்றார்.

"முதல் வரியே தெரியலையா சார்?"

"சுத்தமாத் தெரியல." அறிக்கையில், அட்டை ஒன்று உண்டு, பார்வைக்கு எட்டவில்லை என்று எழுதிக்கொண்டு எழுந்தார். கடைவாசலைத் தாண்டியதும் வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். நாளைக்கு வேறு ஆய்வாளர் வருவார், நல்ல கண் உள்ளவர். மேகத்துக்கு அது தெரியும்.

தெருவில் போனவர்கள் நின்றார்கள். டாக்ஸி ஓட்டுநர் படித்துவிட்டு, வண்டியைப் பள்ளத்தின் பக்கம் திருப்பினார், ஹாரனை அடித்துக்கொண்டே போனார். கடைசியில் பக்கத்துத் தோட்டத்து அம்மாள் வந்தார். உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரியில் நின்று முதல் வரியைப் படித்தார். தெருவைத் தாண்டி வந்து அடுத்த வரியைப் படித்தார். பிறகு படியேறி, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து அடிவரியைப் படித்தார். உதடுகள் அசைவது உள்ளேயிருந்த மேகத்துக்குத் தெரிந்தது. 'அன்று தெரிந்தும் சொல்லவில்லை. மன்னிக்கவும்.'

அந்த அம்மாள் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். எப்போதும் 'தம்பி' என்று கூப்பிடுகிறவர் இன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"அந்தக் கடைசி வரியைப் பெருசா எழுது. கண்ணாடி இல்லாதவங்களும் படிக்கணும்."

சொல்லிவிட்டு வைக்கோல் வாங்கப் போனார். மேகம் தூரிகையை மறுபடி எடுத்தார்.